நிர்வாக அனுமதிக்கு நான் சொன்ன விளக்கம்

மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். தென்காசியில் அரசு அலுவலகங்களுக்குப் போகிற சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதன் முன்னால் இறக்கிய தகரச் சாய்ப்புக்குக் கீழே எனக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் அரசாங்கம் ஜனங்களுக்கு அனுப்புகிற காகிதங்களைத்தான். ஒவ்வொன்றாக வாசித்து, புரியாததை நாலு பேரிடம் கேட்டு, நானாகத் தேறி வந்தவன்.

மானியம் என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைச் சுற்றி நிற்கிற சொற்கள்தான் பிடிபடாது. பயனாளி பங்களிப்பு, நிர்வாக அனுமதி, பணி ஆணை, பயன்பாட்டுச் சான்று என்று வரிசையாக நிற்கும். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ குற்றப்பத்திரிகை வந்துவிட்டது போல முழிப்பார்கள். நான் வாங்கிப் பார்த்து, அவர்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லிக் கொடுப்பேன். பல நேரம் அவர்களே என்னைவிட நன்றாகச் சொல்லிவிடுவார்கள். ஆலங்குளத்துத் தக்காளி விவசாயி ஒருவரிடம் பயனாளி பங்களிப்பு என்றால் இன்னது என்றேன். கேட்டுவிட்டு, "அப்பம் பந்தி அவுக போடுதாவ, இலை நாம கொண்டு போவணும். அம்புட்டுதானே?" என்றார். வீரகேரளம்புதூரில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் பயன்பாட்டுச் சான்றைப் பற்றிச் சொன்னது இது: "சாப்ட்டு முடிச்சு இலையைக் காட்டணும். மிச்சம் வச்சவனை அடுத்த பந்திக்குக் கூப்பிட மாட்டான்."

இப்படி யாராவது சொன்னால் விடமாட்டேன். மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், அதில் எழுதிக்கொள்வேன். அடுத்து வருகிறவருக்கு அதையே சொல்வேன். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் எனக்கு இன்னும் ரெண்டு வார்த்தை கூடுதலாக வரும்.

நிர்வாக அனுமதிக்கு மட்டும் என் சொந்த விளக்கம் ஒன்று இருந்தது. அது நிச்சயதாம்பூலம் மாதிரி என்பேன். பேச்சு முடிந்து தட்டு மாற்றியாகிவிட்டது, இனி உங்களை விட்டுவிட்டு வேறு இடத்தில் பெண் பார்க்க மாட்டார்கள், நிம்மதியாக இருங்கள் என்பேன். அந்த விளக்கத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம். எத்தனையோ பேர் அதைக் கேட்டு முகம் மலர்ந்து போயிருக்கிறார்கள்.

அதே மேசையில் இன்னொரு வழக்கமும் உண்டு. மனுவில் கையெழுத்து வாங்கும் முன் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உரக்க வாசித்துக் காட்டுவேன். சொன்னவர் மனதில் ஒன்று இருக்கும், எழுதினவன் கையில் ஒன்று வந்திருக்கும். வாசித்தால்தான் வித்தியாசம் வெளியே வரும். நான் எழுதியதை வாசிப்பதில் இத்தனை கறாராக இருந்தவன், அரசாங்கம் எழுதியதை எப்படி வாசித்தேன் என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

வடகரையிலிருந்து ஒரு அக்கா வருவார். சின்னத் தென்னந்தோப்பு, வீட்டுக்காரர் வெளியூரில் லாரி ஓட்டுகிறார். தோப்புத் தேங்காயை உடைத்துக் காயவைத்து, செக்கில் ஆட்டி, குற்றாலத்தில் சீசன் நேரம் தட்டுக்கடை போட்டு எண்ணெய் விற்பார். நேந்திரங்காய் வற்றலும் வைத்திருப்பார். அருவியில் குளித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஊருக்குப் போகும்போது ஆளுக்கொரு பாட்டில் வாங்கிப் போவார்கள். அக்காவின் தொல்லை என்னவென்றால், எண்ணெய் விற்கிற அதே மாதங்களில்தான் சாரலும் விழும். முற்றத்தில் காயப்போட்ட தேங்காய்ப் பருப்பை நாளைக்கு ஏழு தடவை அள்ள வேண்டும். ஒரு தடவை அள்ளப் பிந்தினாலும் பூசணம் பிடித்துவிடும், எண்ணெயில் சிக்கு வாடை வரும். அதற்கு முந்தின சீசனில் மதுரைக்காரர் ஒருவர் திறந்த பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து, கூட்டத்துக்கு நடுவே, "இதைத் தலைல வச்சா அஞ்சு அருவில குளிச்சாலும் போகாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அக்கா அதை என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். கண் சிரிக்கவில்லை.

சூரிய வெப்பத்தில் காயவைக்கிற கூடாரத்துக்கு அரசு மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு வந்தார். கண்ணாடி மாதிரி தகடு போட்ட கூடாரம், உள்ளே தட்டுத் தட்டாகப் பருப்பைப் பரப்பலாம், சாரல் உள்ளே வராது. அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். "இது மட்டும் வந்துட்டுன்னா தம்பி, அந்த மதுரைக்காரரைத் தேடிப் போயி ஒரு பாட்டில் சும்மா குடுத்துட்டு வருவேன்" என்றார். வைகாசியில் விண்ணப்பம் போட்டேன். ஆனி பிறந்து மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. ரெண்டு பக்கம். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் நிர்வாக அனுமதி என்று இருந்தது.

அன்றைக்குப் பெஞ்சில் இடமில்லை. நாலைந்து பேர் நின்றுகொண்டும் இருந்தார்கள். நான் கடிதத்தைத் தூக்கிப் பிடித்து, "எக்கா, நிச்சயம் முடிஞ்சாச்சு" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நின்றிருந்த ஒருவர், "அப்பம் எங்களுக்கு வெத்தலை பாக்கு எங்க?" என்று கேட்டார். சிரிப்பு. அக்காவும் சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தம்பி, ஆடி பொறந்துட்டா ஒரு வேலையும் தொடங்க மாட்டோம் பாத்துக்கோ. வார வெள்ளிக்கிழமை நல்ல நாள், அதை விட்டா ஆவணிதான். ஆவணின்னா சீசனே முடிஞ்சிரும். நிச்சயந்தான் முடிஞ்சிட்டே, பந்தக்கால் நட்டுரலாம்லா?" என்றார்.

எங்கள் பக்கம் ஆடியில் யாரும் வாசலுக்குக் கூடப் படி வைத்துக் கட்ட மாட்டார்கள். அக்கா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்த விளக்கத்திலிருந்து ஒரு அடி முன்னால் போய்த்தான் கேட்டார். நிச்சயம் முடிந்தால் பந்தல் போடுவார்கள், ஊர் வழக்கம் அதுதானே. இரண்டாம் பக்கம் என் கையில், முதல் பக்கத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு விரலால் திருப்பினால் போதும். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எல்லாம் தெரிந்தவன், "பொறுங்க, வாசிச்சிட்டுச் சொல்லுதேன்" என்று சொல்வதா?

"தாராளமா நடுங்கக்கா" என்றேன்.

வெள்ளிக்கிழமை வேலை தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் நல்ல வெயில் விழுகிற இடமாகப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பலா மட்டும் காலை வெயிலை மறைத்தது, அதை வெட்டினார்கள். கல் பரப்பி, சிமெண்டு போட்டுத் தளம் இழுத்தார்கள். கொத்தனார் தளத்தின் மூலையில் மஞ்சள் குங்குமம் வைத்ததைக்கூட அக்கா போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். நான் கை கூப்புகிற பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து, மானியம் தருகிற துறையின் அலுவலகத்திலிருந்து பொறியாளர் முன் ஆய்வுக்கு வந்தார். சின்ன வயசுப் பெண், மேற்கு மாவட்டத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர். காலி இடத்தைப் படம் எடுத்து ஏற்றினால்தான் பணி ஆணை வரும், பணி ஆணை வந்த பிறகுதான் மண்ணில் கை வைக்கலாம். அவர் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போயிருக்கிறார். காலி இடம் இல்லை, தளம் இருந்தது. "ஏங்க, யாரைக் கேட்டு ஆரம்பிச்சீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, படம் எடுக்காமல் திரும்பிவிட்டார்.

அக்கா அன்று மதியமே பஸ் பிடித்து வந்துவிட்டார். நல்லவேளை, பெஞ்சு காலியாக இருந்தது. நடந்ததைச் சொல்லச் சொல்ல, நான் கோப்பில் இருந்த அந்தக் கடிதத்தின் நகலை எடுத்தேன். அப்போதுதான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். பணி ஆணை வழங்கப்படும் முன் மேற்கொள்ளப்படும் எந்தப் பணியும் மானியத்துக்குத் தகுதியற்றது. நாலாவது நிபந்தனை. தெளிவான தமிழ். ஒரு கடினச் சொல்கூடக் கிடையாது.

கடிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி போட்டிருக்கு? அந்தப் பிள்ளை ஏன் திரும்பிப் போனா?"

நான் சொன்னேன்: "ஆபீஸ்னா அப்படித்தான்க்கா. இழுப்பாங்க. ஏதாவது எதிர்பார்க்குதாங்களோ என்னவோ."

தெரியாமல் சொன்னது ஒரு தப்பு, அது எல்லோருக்கும் நடக்கும். தெரிந்த பிறகு சொன்னது இது. அந்தப் பெண்ணை அதற்கு முன் ரெண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை வெயிலில் வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவருக்கு விண்ணப்பத்தில் விட்டுப்போன கட்டத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். என் கடைத் தண்ணீரைக்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

மறுநாள் அக்கா நேரே அலுவலகத்துக்குப் போய்விட்டார். அங்கே பத்துப் பேர் நிற்கும்போது, அந்தப் பெண்ணின் மேசைக்கு முன்னால் நின்று, "உனக்கு என்னம்மா வேணும்? சொல்லு, குடுத்துட்டுப் போறேன். பலாவையும் வெட்டிப்போட்டு நிக்குதேன்" என்று கேட்டிருக்கிறார். இதை அக்கா எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணே வந்து சொன்னார்.

சாயங்காலம் நான் மேசையைப் பூட்டப் போகும் நேரம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அண்ணா, அந்த வடகரை அம்மாவுக்கு விண்ணப்பம் போட்டது நீங்கதானுங்க?"

"ஆமா மேடம்."

"அனுமதிக் கடிதம் வந்தப்போ ரெண்டாம் பக்கம் வாசிச்சுக் காமிச்சீங்களா?"

நான் பதில் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னேன். தளத்தின் மேல் நல்ல செம்மண்ணைக் கொட்டிப் பரப்பிவிட்டால் படத்தில் காலி இடமாகத்தானே தெரியும், ஒரு டிராக்டர் மண் போதும் என்றேன். சொல்லும்போதே நாக்கு கசந்தது, ஆனாலும் முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

"நான் ஏற்கெனவே பார்த்துட்டேனுங்கண்ணா" என்றார். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "இன்னிக்கு எல்லார் முன்னாடியும் எனக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. யார் அப்படிச் சொன்னதுன்னு நான் திருப்பிக் கேக்கலை" என்றார்.

அப்புறம் வழியையும் அவரேதான் சொன்னார். வேலை தொடங்கிவிட்டார்கள் என்று மட்டும் அவர் ஆய்வறிக்கையில் எழுதிப்போட்டால் அனுமதி ரத்தாகிவிடும். அதே சர்வே எண்ணுக்குள் வேறு காலி இடம் இருந்தால், அங்கே வைத்துக்கொள்கிறேன் என்று அந்த அம்மா ஒரு மனு கொடுக்கலாம். அதை இவர் மேலதிகாரிக்கு அனுப்பி வைப்பார், மேலதிகாரி ஏற்றுக்கொண்டால் உண்டு. போட்ட தளத்தின் செலவு அவர்கள் பாடு. "ஆனா ஏன் அவசரப்பட்டாங்கங்கிற காரணம் உண்மையா இருக்கணும். 'தெரியாமச் செஞ்சிட்டேன்'னு ஒரு வரி எழுதினா திருப்பி அனுப்பிருவாங்க. எதை நம்பி, யார் சொல்லி ஆரம்பிச்சாங்கன்னு இருக்கணுங்க." எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். "எழுதறது உங்க மேசைதானே?"

அந்த மனுவை எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிடித்தது. முதல் தாளில் 'அறியாமையின் காரணமாக' என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். அறியாதவர் அக்கா என்று ஆகிவிட்டது. கிழித்துப்போட்டேன். இரண்டாவது தாளில் 'சிலரது தவறான ஆலோசனையின் பேரில்' என்று எழுதினேன். மனுத் தமிழில் இது ஒரு வசதி, ஆளே இல்லாமல் ஒரு காரியத்தை நடத்திவிடலாம். எத்தனை பேருக்கு அப்படி எழுதிக் கொடுத்திருப்பேன். அந்தச் சிலர் யார் என்று அலுவலகத்தில் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் கையெழுத்துக்கு முன் இதை அக்காவிடம் உரக்க வாசிக்க வேண்டும். அக்கா கேட்பார். அதையும் கிழித்தேன். மூன்றாவது தாளில் எழுதினேன்: அனுமதிக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை, எனக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் வாசிக்கவில்லை. வாசிக்காமலே வேலையைத் தொடங்கலாம் என்று கூறினார். அவர் சொல்லை நம்பியே தளம் போட்டேன். ஆய்வுக்கு வந்த அலுவலர் மீது எந்தத் தவறும் இல்லை. அந்த அலுவலரைப் பற்றி விண்ணப்பம் எழுதியவர் எனக்குச் சொன்னது பொய்.

அக்கா அப்போது குற்றாலத்தில் கடை போட்டிருந்தார். பஸ்ஸில் போய் இறங்கினேன். சாரல் தூவிக்கொண்டிருந்தது, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஈரக் காலோடு கூட்டம் போய்க்கொண்டிருந்தது. நான் மனுவை சட்டைக்குள் வைத்து, நனையாமல் கொண்டுபோய் நின்றேன். அக்கா பாலிதீன் விரிப்புக்குக் கீழே உட்கார்ந்து வற்றலைப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வருஷமும் எண்ணெய்ப் பாட்டில்கள் அடுக்கு குறையாமல் இருந்தன.

"வா தம்பி. மனுவா? வாசி, கையெழுத்துப் போடுதேன்."

முதல் ரெண்டு வரி முகவரி, பொருள் எல்லாம் வாசித்தேன். அதற்கப்புறம் குரல் இறங்கிவிட்டது.

"என்ன, ஒனக்குத் தொண்டையில முள்ளா மாட்டியிருக்கு? அங்கன உக்காந்து ஊருக்கே கேக்க வாசிப்பியே."

கடையில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் முன்னாலேயே உரக்க வாசித்தேன். 'வாசிக்கவில்லை' என்ற இடத்தில் அக்கா பொட்டலத்தை மடிப்பதை நிறுத்தினார். 'பொய்' வரை வாசித்து முடித்தேன். வாங்க நின்றவர்கள் ஏதோ புரிந்து, வற்றலுக்குக் காசைக் கொடுத்துவிட்டு மெதுவாக நகர்ந்தார்கள்.

அக்கா பலாவைப் பற்றிக் கேட்பார், தளத்துக்கு ஆன செலவைக் கேட்பார் என்று நினைத்து அதற்கெல்லாம் பஸ்ஸில் வரும்போதே பதில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அந்தப் பிள்ளையை நான் பத்துப் பேர் பாக்கக் கேட்டேனே தம்பி. என் மவ வயசு. என்னையக் கேக்க வச்சிட்டியே."

நான் மனுவை மடிக்கப் போனேன்.

"கடைசியில போட்டிருக்கியே, அவளைப் பத்தி. அதை மட்டும் இன்னொரு தடவை வாசி."

வாசித்தேன். அக்கா எண்ணெய்க் கையைச் சேலையில் ரெண்டு மூன்று தடவை துடைத்துவிட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "நானே கொண்டுபோய்க் குடுத்துக்கிடுதேன். நீ போ, நனையாம."

அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு பொட்டலம் வற்றலும் கொண்டுபோனாராம், அந்தப் பெண் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாராம். மேலதிகாரி மனுவை ஏற்றுக்கொண்டார். காலி இடத்தைப் படம் எடுத்தார்கள், பணி ஆணை வந்தது, கூடாரம் வந்து சேர்ந்தபோது கார்த்திகை. சீசன் எப்போதோ முடிந்து கடைகளைக் கழற்றியிருந்தார்கள். அந்த வருஷத்து எண்ணெயும் சாரலில் நனைந்த பருப்பில் ஆட்டிய எண்ணெயாகவே விற்றது.

நான் அந்தப் பெண்ணிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். தையில் அவருக்கு மாற்றல் வந்து போய்விட்டார். அந்த அலுவலகம் என் மேசையிலிருந்து கூப்பிடு தூரம்.

அக்கா இப்போதும் என் மேசைக்குத்தான் வருகிறார். கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பெஞ்சில் வந்து உட்கார்ந்து, நான் யாருக்காவது வாய் நிறைய விளக்கம் சொல்லத் தொடங்கினால், "ஏ தம்பி, கதை கெடக்கட்டும். தாளைத் திருப்பு" என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் இது ஏதோ எங்களுக்குள் இருக்கிற கேலி என்று நினைத்துச் சிரிப்பார்கள். நான் திருப்புவேன், உரக்க வாசிப்பேன். நோட்டு இன்னும் இழுப்பறையில் இருக்கிறது. ஜனங்கள் சொல்வதை எழுதிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. நிச்சயதாம்பூலத்தை மட்டும் அதற்குப் பிறகு யாருக்கும் சொன்னதில்லை.

போன சீசனுக்கு முன் ஒரு வேலையாக வடகரைக்குப் போனவன் அக்கா வீட்டுக்கும் போனேன். கூடாரத்தைக் காட்டுகிறேன் என்று பின்பக்கம் கூட்டிப்போனார். கிடைத்த காலி இடம் தென்னைகளுக்கு நடுவே ஒரு ஒதுக்கம். நன்றாகத்தான் காய்கிறது, பூசணம் இல்லை, ஆனால் மதியம் மூன்று மணிக்கெல்லாம் நிழல் ஏறிவிடுகிறது. ஒரு நாளில் காய வேண்டியதற்கு ரெண்டு நாள் ஆகிறது. இருபது அடி தள்ளி அந்தப் பழைய தளம். பக்கத்தில் பலாவின் அடிக்கட்டை. மணி நாலைத் தாண்டியிருந்தது, தளம் முழுக்க வெயில் கொட்டிக் கிடந்தது. அதில் அக்காவின் மகள் ரெண்டு தலையணையைக் காயப்போட்டிருந்தாள்.

நான் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தேன்.

"இதுல ஏறி வா தம்பி," என்றார் அக்கா, "நீ போடச் சொன்னதுதானே."